மணிக்காரரின் பத்தாவது நிமிடம்

பேராசிரியர்களைக் கண்டு துளியும் பயப்படாத ஒரே மனிதரை நான் திருச்சியில்தான் பார்த்தேன். எங்கள் வேதியியல் துறையின் அலுவலக உதவியாளர். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மணிக்காரர்.

கணினி வேதியியல், நானோ தொழில்நுட்பக் கருத்தரங்கு என்றால் எங்கள் துறைக்குத் திருவிழா. பேசுகிறவர்களுக்குத் தலா பத்து நிமிடம். பத்து ஆனதும் மேடையோரம் உட்கார்ந்திருக்கும் மணிக்காரர் மணியடிப்பார். துறையிலிருந்த மேசை மணி முனகுகிறது என்று சொல்லி, ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து பூஜை மணியையே கொண்டுவந்துவிட்டார். தங்க நானோ துகள்களைப் பற்றி ஒருவர் உருகிக்கொண்டிருக்கும்போது அது கணகணவென்று ஒலிக்கும். பாதி அரங்கம் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஒருமுறை தலைமை வகித்தவர் கண்ணை மூடிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார்.

டெல்லியிலிருந்து விமானத்தில் வந்த பெரிய விஞ்ஞானி இன்னும் இரண்டு நிமிடம் கேட்டார். அவர் வாயை மூடும்வரை மணிக்காரர் அடித்தார். துறைத்தலைவர் கோபமாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

“பெருமாளுக்கே நேரத்துக்குத்தாங்க தளிகை படைக்கிறாங்க. இவரு என்ன அவருக்கும் மேலயா?”

துறைத்தலைவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

அடுத்து நான். முசிறியிலிருந்து பஸ்ஸில் வந்து எம்.எஸ்சி. படித்த எனக்கு அதுதான் முதல் மேடை. மருந்தைச் சுமந்து போகும் நானோ துகள் உடம்பில் எந்த இடத்தில் பிடியை விடும் என்று மூன்று மாதமாகக் கணினியில் கணக்கிட்டிருந்தேன். முன்வரிசையில் பெங்களூர்ப் பேராசிரியை ஒருவர். தன் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஒரே ஒரு ஆளைத் தேடி வந்திருந்தார். எனக்கு அந்த இடம் வேண்டும். இரண்டு நாளாக இதே நினைப்பில் சாப்பாடு இறங்கவில்லை.

மைக்கைப் பிடித்தேன். புரொஜெக்டர் வெறும் நீலத்தைக் காட்டியது. ஒயரைப் பிடுங்கிச் செருகி, லேப்டாப்பை அணைத்துப் போட்டதில் ஆறு நிமிடம் போயே போய்விட்டது. படம் வந்ததும் மூச்சு விடாமல் பேசினேன். என் கண்டுபிடிப்போ கடைசி ஸ்லைடில் இருக்கிறது. அதற்கு இன்னும் நாலு ஸ்லைடு. ஓரக்கண்ணால் பார்த்தேன். மணிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மணியைத் தூக்கினார். கையை ஆட்டினார், நன்றாகவே ஆட்டினார். சத்தம் வரவில்லை. இடது கையை உள்ளே விட்டு மணியின் நாக்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

கடைசி ஸ்லைடுவரை பேசி முடித்தேன். பேராசிரியை நேராக என்னிடம் வந்து, எப்போது சேர முடியும் என்று கேட்டார். கால் தரையில் பாவாமல் மணிக்காரரிடம் ஓடி நன்றி சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“நன்றி எதுக்கும்மா? பத்தாவது நிமிஷம் சரியா அடிச்சேன். உனக்குக் கேக்கலைன்னா நான் என்ன பண்றது?”

போன மாதம் என் ஆய்வேடு முடிந்தது. நன்றிப் பக்கத்தில் முதலில் அவரைத்தான் எழுத வேண்டும் என்று துறைக்குப் போன் போட்டு, பதிவேட்டில் உள்ள பெயரைக் கேட்டு வாங்கினேன். எழுதிப் பார்த்தேன், யாரோ மாதிரி இருந்தது. அடித்துவிட்டு, ‘எங்கள் மணிக்காரருக்கு’ என்று எழுதினேன்.