வாப்பாட வேனும் பதினாலு பியூஸும்

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மணி பன்னிரண்டரை. பத்து மாதப் பிள்ளை தூங்கிய பிறகுதான் தாய்க்குத் தன்னுடைய கையே சொந்தமாகிறது. ஹிமாயா இப்போதுதான் தூங்கினாள். வட்ஸ்அப்பில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். இத்துடன் இருக்கும் பெயர் மாற்றும் படிவத்தில் உங்கள் கையெழுத்து பேனையால் வேண்டுமாம். ஆதம்பாவா மச்சான் விடிய நாலரை பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து டோஹாவுக்கு ஏறுகிறார். படிவமும் கடிதமும் உம்மா தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டிய தொதலும் அவருடைய கையில் வரும். இங்கு எல்லோரும் சுகம். உங்களுக்கும் மதினிக்கும் சுகத்தைக் கேட்டு துஆச் செய்கிறோம்.

விஷயம் இதுதான். வாப்பாவுடைய வேனை விற்க வேண்டும். அது உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள் கையெழுத்து வைக்காமல் நடக்காது. காரைதீவில் ஜதுசன் என்று ஒருவர் மீன் ஏற்றுவதற்குக் கேட்கிறார். இதில் ஏ.சி. வேலை செய்யாது என்று என் மாப்பிள்ளை, உங்கள் மச்சான் அஸ்பாக், நேர்மையாகச் சொல்லப் போக, “பரவாயில்ல சேர், நான் சீற்றையெல்லாம் கழட்டிட்டு ஐஸ்தான் ஏத்தப் போறன், குளிர் தானா வரும்” என்றாராம். முதலாம் திகதி வரைக்கும்தான் பொறுப்பாராம்.

நான் ஏன் இதற்குச் சம்மதித்தேன் என்று யோசிப்பீர்கள். எல்லாம் அந்த ஏ.சி.தான் காக்கா. நீங்களும் வாப்பாவும் நம் முற்றத்தில் வைத்து வேனில் பூட்டினீர்களே, அதே ஏ.சி. படிப்பு முடித்து நீங்கள் செய்த முதல் வேலை. இப்போது நாற்பது மாடிக் கட்டடத்தைக் குளிராக்குகிறீர்கள், ஆனால் முதலில் குளிராக்கினது எங்களைத்தான். அதற்குச் சுவிட்ச் வீட்டு லைட் சுவிட்ச், தண்ணீர் வடிவதற்கு ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய். இந்த வெயிலில் ஹிமாயாவுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. சொறிந்து சொறிந்து அழுகிறாள், காய்ச்சலாக மாறுமோ என்று நான் மணிக்கு ஒரு தரம் தொட்டுப் பார்க்கிறேன். அதைப் பார்த்துத்தான் இவர், விஞ்ஞானம் படிப்பிக்கிற மனிசன், நானே திருத்துறன் எண்டு இறங்கினார். சுவிட்சைப் போட்டார், பியூஸ் எரிஞ்சிது. புதுசு போட்டார், அதுவும் எரிஞ்சிது. கேஸ் குறைஞ்சிருக்கும் எண்டு கேஸ் அடிச்சார், திரும்பவும் எரிஞ்சிது. புளோவரைக் கழட்டினார், உள்ளுக்குள்ள இருந்து ஒரு பிடி உமியும், வாப்பாட கையால எழுதின சாரி விலைத் துண்டு ஒண்டும் வந்திச்சு. உம்மா அந்தத் துண்டைத் துடைச்சு அலுமாரிக்குள்ள வெச்சிட்டா. பியூஸ் மட்டும் எரிஞ்சுகொண்டே இருந்திச்சு.

பிறகு இவர் வயரைப் பிரிச்சு வேற இடத்தில கொழுவினார். அண்டைக்கு பியூஸ் எரியல்ல. ஆனா ஏ.சி.ட சுவிட்சைப் போட்டதும் ஹோர்ண் அடிக்கத் தொடங்கிட்டு, நிப்பாட்ட ஏலா. அது எங்க எண்டு நினைக்கிறீங்க, பிள்ளையள் நிறுக்கிற கிளினிக் வாசல்ல. நேர்ஸ் உசாந்தினி மிஸ்ஸி வெளிய வந்து, “முஸ்பிறா, இருவது புள்ளையள நித்திரையாக்கினது தாய்மார், எழுப்பினது உங்கட மனிசன். இனி எல்லாத்தையும் அவரே தூக்கித் தராசில வைக்கட்டும்” எண்டாங்க. இவரும் உண்மையாவே ரெண்டு பிள்ளையத் தூக்கி வெச்சார். வீட்டுக்கு வந்து வயரைப் பழைய இடத்திலயே கொழுவிட்டார். போன கிழமை இறக்காமத்துக் கல்யாணத்துக்குப் போகக்குள்ள, இனி எரியாது எண்டு நம்பிக் கண்ணாடியெல்லாம் பூட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். அது பதினாலாவது பியூஸ். கண்ணாடியத் திறந்தா அறுவடைக் காலம், ரோட்டெல்லாம் உமி பறக்குது. கல்யாண வீட்டில நாங்க இறங்கக்குள்ள ஏதோ ஆலையில இருந்து வந்த ஆக்கள் மாதிரி இருந்தம். உம்மா தலையத் தட்டிக்கொண்டே சொன்னா: “உன்ட மாப்பிளைட ஏ.சி. புத்தகத்தில வேல செய்யும்கா. வேனிலதான் செய்யாது.”

எனக்கு விக்க விருப்பமா எண்டு கேக்காதீங்க காக்கா. வாப்பா அதில சாரி ஏத்திக்கொண்டு ஊரூராத் திரிஞ்ச காலம் ஞாபகம் இருக்கா? திருக்கோவில் திருவிழா நேரம் சுந்தரம்மா அக்கா ஏ.சி.க்குள்ள வந்து ஏறியிருப்பாங்க. எல்லாச் சாரியையும் விரிச்சுப் பார்ப்பாங்க, ஒண்டும் எடுக்காம இறங்கிப் போவாங்க. நீங்க முறைச்சா வாப்பா, “இருந்துட்டுப் போகட்டும்டா, குளிர் நாம விக்கிற சாமானில்ல” எண்டுவார். நீங்க எந்த நாளும் வாப்பாவோட போவீங்க, எனக்குப் பள்ளி லீவெண்டா நானும் உம்மாவும் வந்து ஏறுவம். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப்போட்டு வாப்பா பின்னுக்குக் கிறுகிப் பயண துஆவ ஒரக்க ஓதுவார், நாம திருப்பிச் சொல்லணும். அது முடியாம சுவிட்சில ஆரும் கை வைக்கப்படாது. நான் ஒரே தரத்தில சரியாச் சொல்லிருவன். நீங்க ‘முக்ரினீன்’ எண்ட இடத்துக்கு வந்ததும் வாய்க்குள்ள முணுமுணுப்பீங்க. “இன்னொருக்கா” எண்டுவார். திரும்பவும் அதே இடம், திரும்பவும் இன்னொருக்கா. உம்மாக்கு வேர்த்து ஊத்தும், “பிழையோ சரியோ, அல்லாஹ்வுக்கு விளங்கும், போவமே” எண்டுவா. வாப்பா கேக்கமாட்டார். மூணாந்தரம் நீங்க ஒப்பேத்தின பிறகுதான் சுவிட்சு, பிறகுதான் அந்தக் குளிர். ரெண்டு நிமிஷத்தில உம்மா “குளிருது குளிருது” எண்டு முந்தானையால காதைப் பொத்துவா. நீங்க டோஹாவுக்குப் போன மாசமே பியூஸ் எரியத் தொடங்கிட்டு. “மகன் போனான், குளிரும் போச்சு” எண்டு சொல்லிப்போட்டு, மௌத்தாகும் வரைக்கும் கண்ணாடியத் திறந்துதான் ஓடினார். ஒரு மெக்கானிக் பாஸையும் கூப்பிட்டுக் காட்டல்ல.

இதையெல்லாம் எழுதினா பேனை ஓடுதில்ல. ஆனா பிள்ளைட கழுத்தைப் பார்த்தா மனசு கல்லாகுது. இதை வித்தாத்தான் ஏ.சி. உள்ள சின்னக் கார் ஒண்டு பார்க்கலாம். அதனால யோசிக்காமல், அடையாளம் போட்டிருக்கும் மூன்று இடத்திலும் கையெழுத்து வைத்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து விடுங்கள். வல்ல நாயன் உங்கள் வேலையிலும் வீட்டிலும் பரக்கத்தைத் தருவானாக. மதினிக்கு என் ஸலாம். தொதலில் பாதியாவது அவவுக்கு மிச்சம் வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சி முஸ்பிறா

பி.கு.: எழுத்து ஆடுது எண்டு குறை நினைக்காதீங்க, ஓடுற வேனுக்குள்ள மடியில வெச்சு எழுதுறன். ஆதம்பாவா மச்சானுக்குச் சொல்லி வெச்ச ஓட்டோ வரல்ல, நாங்கதான் அவரை பஸ்ஸுக்குக் கொண்டு போறம். இவர் பதினஞ்சாவது பியூஸைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணிப்போட்டு வழக்கம்போல மனசுக்குள்ளயே ஓதிட்டு சுவிட்சுக்குக் கையக் கொண்டு போனார். உம்மா பின்னால இருந்து, “கைய எடுங்க மகன். தூரப் பயணம் போற புள்ள இரிக்கி, ஒரக்க ஓதுங்க, அவன் திருப்பிச் சொல்லட்டும்” எண்டா. ஆதம்பாவா மச்சான் அதே இடத்தில, நீங்க முணுமுணுக்கிற அதே இடத்தில, முணுமுணுத்தார். “இன்னொருக்கா” எண்டா உம்மா. மூணு தரம் காக்கா. பிறகு இவர் சுவிட்சைப் போட்டார். பியூஸ் எரியல்ல. குளிர் வருது.

இவர் ஓட்டிக்கொண்டே விளக்கம் சொல்றார். டீசல் இஞ்சினைச் சூடாக்கிற ஹீட்டர், ஸ்டார்ட் ஆகின பிறகும் ஒரு நிமிஷத்துக்கு மேல கரண்டை இழுக்குமாம். நீங்க ஏ.சி.யயும் அதே வயரிலதான் கொழுவியிருக்கிறீங்களாம். ஹீட்டர் விடுற வரைக்கும் பொறுத்துப் போட்டா எரியாதாம். எனக்கு விளங்கினது வேற. நீங்க போன பிறகு வாப்பா தனிய ஒரே தரத்தில ஓதி முடிச்சு சுவிட்சைப் போட்டிருக்கார். திருப்பிச் சொல்ல வைக்கிறதுக்கு ஆள் இல்ல.

ஹிமாயா சொறியாம நித்திரை கொள்றாள். உம்மா முந்தானையால காதைப் பொத்திக்கொண்டு வெளிய பார்க்கிறா. கவரை வீட்டிலயே ஒட்டிட்டன், பிரிக்க நேரமில்ல, இதைத் தனித் தாள்ல எழுதித் தாறன், படிவம் கவருக்குள்ளதான் இருக்கு. அதில கையெழுத்து வைக்காதீங்க, தொதலைச் சுத்தி வைக்க எடுங்க. ஆனா வேன் உங்கட பேரில, ஜதுசனுக்கு இல்லையெண்டு சொல்றதுக்கு உங்கட சொல்லு வேணும். பஸ் வந்திட்டு. சுறுக்கா பதில் எழுதுங்க.