கழுத்துப் பிடிப்போடு ஒரு கடல் பயணம்

கடற்கரை ஊருக்குப் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு வரிசை தள்ளி மேனேஜரின் வழுக்கைத் தலை தெரிந்ததும் பிழைதிருத்துநர் சீட்டில் சரிந்து குனிந்துகொண்டார்.

அன்று காலையில்தான் அச்சகத்து டெலிபோன் பெண்ணிடம், "கழுத்து பிடிச்சுக்கிச்சும்மா, திருப்பவே முடியல" என்று முனகி லீவு சொல்லியிருந்தார். இந்த வருஷத்தில் இது மூன்றாவது கழுத்துப் பிடிப்பு. இன்னொரு பொய் லீவு தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

"எழுந்திரு, இங்கேயே இறங்கிடலாம்" என்றார் மனைவியிடம்.

"இன்னும் ரெண்டு ஸ்டேஷன் இருக்கே! ஆறு வருஷமா கேட்டு இன்னைக்குத்தான் கூட்டிட்டு வர்றீங்க. கடல் என்ன, நம்மளைப் பார்க்க நடந்தா வரும்?"

"மேனேஜர்!"

அந்த ஒரு வார்த்தையில் அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஸ்டேஷன் வாசலில் கடற்கரை பஸ் தயாராக நின்றது. இருவரும் முன்சீட்டைப் பிடித்தார்கள். பஸ் கிளம்பியதும் பிழைதிருத்துநர் நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தார். கடைசி சீட்டில் விரித்த செய்தித்தாளுக்கு மேலே அதே வழுக்கை. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெண்மணி, மேனேஜர் மனைவியாகத்தான் இருக்கவேண்டும்.

செய்தித்தாள் தலைகீழாக இருந்தது. காற்புள்ளி விட்டுப்போனாலே கண்டுபிடிக்கிறவருக்கு இது தப்புமா?

"வேவு பார்க்க வந்திருக்கார்டி!" என்று கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வலித்தது. மறுபக்கம் சாய்த்தார்.

"ஒரே பக்கமா சாய்ச்சுத் தொலைங்க! வலி என்ன, ஷிப்ட் முறையிலயா வேலை பார்க்குது?"

இனி இந்த பஸ்ஸில் தாங்காது என்று பாதி வழியில், கலங்கரை விளக்க நிறுத்தத்திலேயே இறங்கினார்கள். முக்கால் மணி நேரம் வெயிலில் வெந்து, ஒரு மினி பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்கள். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. மேனேஜர் தம்பதி ஏறினார்கள்!

பிழைதிருத்துநர் மனைவியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தார்.

"சின்னக் குழந்தையா நீங்க? எல்லாரும் பார்க்கிறாங்க!"

"அவர் பார்க்காம இருந்தாச் சரி."

படகுத்துறை வந்ததோ இல்லையோ, பஸ் முழுசாக நிற்பதற்குள் முன்வாசல் வழியாகக் குதித்தார். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம்தான் கடற்கரை. கிளம்பவிருந்த படகில் மனைவியை ஏற்றி, உயிர்காப்பு உடுப்புகளை அடுக்கி வைத்திருந்த மூலையில் சாய்ந்து பதுங்கினார். படகு கரையை விட்டது.

"அப்பாடா!" என்றார்.

"அப்பாடா!" என்றது அடுக்குக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து மேனேஜரும் எட்டிப் பார்த்தார். சுற்றிலும் தண்ணீர். இனி இறங்கி ஓட வழியில்லை. பிழைதிருத்துநர் கழுத்தைச் சாய்த்து, கைகளைக் கூப்பி, "சார், கடல் காத்து கழுத்துக்கு நல்லதுன்னு டாக்டர்..." என்று தொடங்கினார்.

மேனேஜர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்தார். அவர் மனைவிதான் தொப்பியைக் கழற்றிவிட்டு வெடித்தாள்:

"நீங்கதானா சார் அது? பாவம், இடுப்புவலின்னு பொய் சொல்லி ஒருநாள் லீவு போட்ட மனுஷனை, முதலாளிகிட்ட மாட்டிவிடணும்னு இப்படியா காலையிலேர்ந்து விடாம துரத்துவீங்க?"