மதகு சாரின் பாயாச அணை

ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் மதகு சார் தண்ணீர் ஊற்றிப் பார்க்காத தரை என்று ஒன்று கிடையவே கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் குடிக்கத் தண்ணீர் கேட்பார். பாதியைக் குடிப்பார். மீதியை நடுக்கூடத்தில் ஊற்றி, குனிந்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். "வாட்டம் தப்பு" என்பார். அதற்குப் பிறகுதான் "சௌக்கியமா?"

நாங்கள் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தள வீட்டில் பால் காய்ச்சிய அன்று, என் மனைவி செல்வி போட்ட கோலத்தின் மேலேயே ஊற்றினார். செல்வி மதுரைக்காரி. சும்மா விடுவாளா?

"யாருங்க இந்த ஆளு? ஊத்துறதுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"தப்பா நினைக்காதீங்கம்மா. மழை வந்தா ரோட்டுத் தண்ணி முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வரும்" என்றார் அவர்.

பால் காய்ச்சுகிற அன்றைக்குச் சொல்கிற வார்த்தையா இது? ஆனால் வந்தது. அந்த வருஷமும் வந்தது, அடுத்த வருஷமும் வந்தது. எங்கள் வளாகத்து மழைநீர் வெளியே போகிற குழாய் வழியாகவே தெருத் தண்ணீர் திரும்பி உள்ளே வந்து, எங்கள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. செல்வி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு, வானகரத்துல அண்ணன் சொன்ன மூணாவது மாடி வீட்டுக்கு நான் போயிருவேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கோ இந்த வீட்டை விட மனசில்லை.

மதகு சார் ஒரு கட்டடக் கம்பெனியில் சைட் இன்ஜினியர். எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் தனிக்கட்டை. நிஜப் பெயர் கூரியர்காரருக்கே தெரியாது. அவருக்கு ஒரே தெய்வம், மைசூர்ப் பக்கம் அணை கட்டி, தானாகத் திறக்கும் மதகு செய்த அந்தப் பெரிய இன்ஜினியர்தான். பெயரைச் சொல்ல மாட்டார். "பெரியவர்" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். செப்டம்பரில் பெரியவர் பிறந்தநாள் வந்தால் அவரைப் போலவே கோட்டு, தலைப்பாகை. ஆவடி வெயிலில் அந்தக் கோலத்தில் ஸ்கூட்டரில் போவார். சிக்னலில் நிற்பவர்கள் "எந்த பேண்டு செட்டு சார்?" என்று விசாரிப்பார்கள்.

வருஷா வருஷம் கார் நிறுத்துகிற இடத்தில் விழா எடுப்பார். கையாலேயே ஒரு சின்ன அணை செய்து, மதகு தானாகத் திறப்பதைக் காட்டுவார். காட்டுவார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு வருஷம் அணை ஒழுகியது. ஒரு வருஷம் உடைந்து மைக் செட்டுக்குள் பாய்ந்தது. எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு இரண்டு இன்ஜினியர்கள், அத்தனை பேரும் கம்ப்யூட்டர் இன்ஜினியர்கள். வந்து கைதட்டி, கேக் தின்று, போய்விடுவோம்.

செல்வி தீர்ப்புச் சொன்ன வருஷம் மட்டும் அவர் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் ஒரு அனுமதி கேட்டார். குழாய் வாயில் நிஜமாகவே ஒரு மதகு வைக்க வேண்டும். உள்ளே தண்ணீர் நிறைந்தால் தானாகத் திறக்கும், தெருத் தண்ணீர் வந்தால் தானாக மூடிக்கொள்ளும்.

"உங்க பொம்மை மதகு இந்தத் தடவையாவது எல்லார் முன்னாடியும் திறக்கட்டும் சார். அப்புறம் நிஜ மதகைப் பத்திப் பேசலாம்" என்றார் செயலாளர்.

ஆக, நான் கோவில்பதாகையா வானகரமா என்பது அந்தப் பொம்மை மதகின் உள்ளங்கை அகலத் தகரத்தின் கையில் இருந்தது.

விழா அன்று மத்தியானம் தண்ணீர் ஊற்றிச் சோதித்தார். அழகாகத் திறந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சந்தோஷத்தில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பெரியவர் பிறந்தநாளுக்கு வெறும் தண்ணியா? பாயாசம் ஊத்துவோம்! மதகு திறக்கும், ஆளுக்கொரு டம்ளர் பிடிச்சுக்கட்டும்."

செல்வியிடமே போய்க் கேட்டார். அவளுக்கு ஆள்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் பாயாசம் என்று கேட்டால் மறுக்கத் தெரியாது. முந்திரியை அள்ளிப் போட்டு சேமியா பாயாசம் வைத்தாள். சாயங்காலம் விழாவில் செயலாளர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். சேமியா பாயாசம் அதுவரை இறுகாமல் பொறுக்குமா?

அணையில் ஊற்றினார்கள். எல்லாரும் டம்ளரோடு நின்றோம். மதகு திறக்க வேண்டிய அளவுக்கு அணையில் போட்டிருந்த சிவப்புக் கோட்டைப் பாயாசம் தொட்டது, தாண்டியது. மதகு அசையவில்லை. மதகு சார் தட்டினார், ஊதினார், கும்பிட்டார். பாயாசம் மெதுவாக அணையின் தலைக்கு மேல் வழிந்து இறங்கியது.

குடியிருப்பு வருவதற்கு முன் இதே நிலத்தில் பயிர் வைத்திருந்த ஏகாம்பரம், இப்போது முதல் மாடியில் இருப்பவர், குரல் கொடுத்தார்: "இன்னா நைனா, அணைக்குள்ள பொங்கல் வெச்சுகினு கீறியா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதகு சார் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"அவ்வளவுதான் சார், மதகும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றார் செயலாளர். "பாயாசம் வேற ரொம்பக் கெட்டி."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. செல்வி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கெட்டியா இருந்தாத்தாங்க அது பாயாசம்! மழைன்னா வானத்துலருந்து பாயாசமா கொட்டப்போகுது? அதைக் கழுவிட்டுத் தண்ணியை ஊத்துங்க!"

ஏகாம்பரமே வாளியோடு ஓடினார். கழுவி, தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் கோட்டைத் தொட்டதும் 'டக்'கென்று மதகு திறந்து, செயலாளரின் புது ஷூ நனைந்தது. ஏகாம்பரம் விசிலடித்தார். "டக்கரு மாமே!" மதகு சார் அழுதுவிட்டார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

அனுமதி கிடைத்தது. இரும்பில் மதகு செய்து குழாய் வாயில் பொருத்தினார். கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. தெரு ஏரியாகிவிட்டது. நான் துணிமணிகளை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டேன். செல்வி வாசற்படியில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படி வரைக்கும் காய்ந்தே கிடந்தது.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், தெருவில் தொடையளவுத் தண்ணீரில் நின்று, மதகு இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் மதகு சார். குடைகூட இல்லை. சுவருக்கு மேலே ஈரத் தலை மட்டும் தெரிந்தது.

"அம்மா! உள்ள தண்ணி வருதா?" என்று கத்தினார்.

செல்வி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள்.

"தண்ணி வரலை சார். நீங்க உள்ள வாங்க."