சந்தனம் காட்டிய நீர்மட்டம்

இந்த நிகழ்ச்சியை நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் மாமனார். மம்சாபுரத்தில் அவர் யாரிடம் இதைச் சொன்னாலும் கொதிகலன் வெடிக்கிறது. கூரைத் தகடு பறந்துபோய்க் கண்மாய்க் கரையில் விழுகிறது. நான் வேட்டியை அவிழவிட்டபடி ஓடுகிறேன். கொதிகலன் வெடிக்கவில்லை. கூரை இன்றும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அன்று நான் அணிந்திருந்தது கால்சட்டை. ஆகவே, ஆலையின் பதிவேட்டில் எழுதப்பட்டவற்றையும் என் மைத்துனனும் நானும் ஒருசேரக் கண்டவற்றையும் மட்டுமே இங்கே தருகிறேன். நான் தனியே கண்டவற்றை மைத்துனன் ஒப்புக்கொண்டால்தான் சேர்ப்பேன். என் கண்ணின் தரம் எத்தகையது என்பது சிறிது நேரத்தில் விளங்கும்.

முப்பத்து மூன்றாம் வயதில் நான் கொதிகலன் இயக்கப் பயிற்சிக்குப் போனேன். அதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். பள்ளியை மூடினார்கள். நான் வீட்டில் அமர்ந்து பழைய உரைநூல்களைப் புரட்டிக்கொண்டிருந்ததை என் மனைவி செல்வராணி மூன்று மாதம் பொறுத்தாள். நான்காம் மாதம் தன் தம்பியைக் கைப்பேசியில் அழைத்தாள்.

தம்பி முனீஸ்வரனுக்கு அப்போது இருபத்தாறு வயது. ராஜபாளையத்துக்கு வெளியே, மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணியை நெய்து வெளுக்கும் ஆலையொன்றில் கொதிகலன் இயக்குபவன். அதற்கான அரசுச் சான்றிதழை முதல் முயற்சியிலேயே பெற்றவன். அவன் ‘தேறிவிட்டார்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் ஆலை எனக்குப் பணிச்சான்று தரும். பணிச்சான்று இல்லாமல் அந்த ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. என் திருமணத்தன்று எனக்குக் குடை பிடித்து நடந்தவனின் கையெழுத்தில் என் வாழ்வு வந்து நின்றது.

அவன் நல்ல முறையிலேயே கற்றுக் கொடுத்தான். கொதிகலனின் முகப்பில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் நிற்கும்; உள்ளிருக்கும் நீரின் மட்டம் அவற்றில் தெரியும். பாதிக்குக் கீழே இறங்கினால் பம்பை ஓட்டி நீர் ஏற்ற வேண்டும். மேலும் இறங்கினால் எச்சரிக்கை மணி அடிக்கும். அதையும் கடந்தால், அடுப்பின் கூரையில் பொருத்தியிருக்கும் ஈய அடைப்பு உருகும். நீராவி தீயின்மேல் பாய்ந்து அதை அணைத்துவிடும். அதையும் கடந்தால் என்ன என்று கேட்டேன்.

“அதுக்குப் பொறவு கேக்குததுக்கு நீங்களும் இருக்க மாட்டிய, சொல்லுததுக்கு நானும் இருக்க மாட்டேன் அத்தான்” என்றான்.

இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். (‘கேக்குததுக்கு’ என்பதை எழுத்து நடைக்கு மாற்றித்தான் எழுதினேன். பழக்கம் விடவில்லை.)

விஜயதசமி வந்தது. அன்று தொடங்கும் கல்வி நிலைக்கும் என்பது நம்பிக்கை; ஆதலால் அன்றைக்காவது சிறிது நேரம் கொதிகலனைத் தனியே கவனிக்க விடும்படி நான் அவனை ஒரு வாரமாக நச்சரித்திருந்தேன். காலையில் அவனே தீ மூட்டினான், நீராவி ஏறியது, துணி வெளுக்கும் கலங்களுக்குப் போகத் தொடங்கியது. ஒவ்வொரு பிரிவிலும் பூஜை செய்துவிட்டு, கடைசியாகக் கொதிகலனுக்கு வருவது அந்த ஆலையின் வழக்கம். பத்து மணிக்கு முதலாளியின் அறையிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. பொரியும் கடலையும் பிரிக்க ஆள் வேண்டுமாம்.

“செத்த நேரம் பாத்துக்கிடுங்க. தண்ணி, தண்ணி, தண்ணி. வேற எதையும் பாக்காதிய. நான் இந்தா வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

தண்ணீரைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. இதை அவனும் மறுக்க மாட்டான்.

பூஜைக்கான சந்தனத்தை நான் வீட்டிலேயே கல்லில் இழைத்துக் கொண்டுவந்திருந்தேன். கடையில் விற்கும் மஞ்சள் தூளைச் சந்தனம் என்று அழைக்க என் மனம் ஒப்புவதில்லை. மற்றவர்கள் அடுப்புக் கதவுக்கு ஒரு பொட்டு, பம்புக்கு ஒரு பொட்டு, சாம்பல் அள்ளும் மண்வெட்டிக்கு ஒரு பொட்டு என்று முடித்துவிடுவார்கள். கொதிகலனில் தலையாய உறுப்பு எது? கண்ணாடிக் குழாய். அப்படியானால் தலையாய பூச்சும் அதற்குத்தானே உரியது? இரண்டு குழாய்களிலும், அடியிலிருந்து அப்போது நீர் நின்ற மட்டம் வரை, மயிரிழையும் பிசகாமல் சந்தனம் பூசினேன். பிசகவில்லை என்பதை அளவுகோல் வைத்துச் சரிபார்த்தேன். மேல்விளிம்பில் குங்குமம் இட்டேன். கண்ணாடி சூடாக இருந்ததால் சந்தனம் அக்கணமே இறுகிப் பிடித்தது. தெய்வம் ஏற்றுக்கொண்டது என்று எண்ணினேன்.

அதன்பின் நான் பார்த்தது நீர்மட்டத்தையன்று, சந்தனத்தின் மேல்விளிம்பை.

பதிவேடு இன்றும் ஆலையில் இருக்கிறது. முனீஸ்வரனின் பதிவுகளில் ஒரு நேரமும் ஓர் ‘ஓகே’வும் மட்டுமே இருக்கும். என் பதிவுகள் வருமாறு. பத்தேகால்: ‘நீர்மட்டம் நடுவில்.’ பத்தரை: ‘நீர்மட்டம் நடுவில்; அசைவில்லை.’ பத்தே முக்கால்: ‘நீர்மட்டம் நடுவில் உறுதியுடன் நிலைபெற்றுள்ளது.’ முனீஸ்வரன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பம்பை ஓட்டுவான். எனக்கோ ஒருமுறைகூட ஓட்ட வேண்டிய தேவை எழவில்லை. இளைஞர்களிடம் நிதானம் இல்லாததால்தான் நீர் அப்படி வீணாகிறது என்று அன்று நான் முடிவு கட்டியதை, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்குச் சற்று முன்னர் மணியடித்தது. அதற்குச் சிறிது நேரம் முன்பிருந்தே தறிப் பிரிவிலிருந்தும், துணியைச் சுருட்டிக் கட்டும் கட்டுப் பிரிவிலிருந்தும் பூஜை மணியோசை வந்துகொண்டிருந்தது. இந்த மணி மிக அருகில், மிக வலுவாக ஒலித்தது. பூஜை நம் வாசலுக்கே வந்துவிட்டது என்று கருதினேன். செருப்பைக் கழற்றினேன், கண்களை மூடிக் கைகூப்பினேன். நடுவே ஒருமுறை கண் திறந்து பதிவேட்டில் எழுதினேன்: ‘மணியோசை கேட்டது. மங்கலம்.’

முதலாளியின் அறையில் பொரி பிரித்துக்கொண்டிருந்த முனீஸ்வரனும் அந்த மணியைக் கேட்டான். எந்தப் பூசாரியாலும் கை மாற்றாமல் அவ்வளவு நேரம் அடிக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியதாம். ஓடிவந்தவன் கண்டது: முழு வேகத்தில் எரியும் அடுப்பு, அலறும் எச்சரிக்கை மணி, அதன்கீழ் வெறுங்காலுடன் கைகூப்பி நிற்கும் அக்காள் கணவன்.

“தண்ணி எங்க நிக்குது?”

“நடுவில்தான் இருக்கிறது முனீஸ். காலையிலிருந்து அசையவே இல்லை” என்று பெருமையுடன் குழாயைக் காட்டினேன்.

அவன் ஈரத் துணியால் ஓர் இழுப்பு இழுத்தான். நீர்மட்டம் துணியோடு வந்துவிட்டது. குழாயில் ஒரு சொட்டும் இல்லை.

எனக்குள் ஏதோ ஒரு வீரம் எழுந்தது. இழந்த நீரை உடனே ஏற்றிவிட வேண்டும் என்று பம்பு விசையை நோக்கிப் பாய்ந்தேன். முனீஸ்வரன் என் சட்டையைப் பின்னாலிருந்து பற்றி இழுத்த இழுப்பில் இரண்டு பொத்தான்கள் தெறித்தன.

“பம்பத் தொடாதிய அத்தான். காஞ்ச இரும்புல பச்சத் தண்ணிய விட்டா ரெண்டு பேரும் சேந்து போயிருவோம். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

அவன் குரல் உயரவில்லை. அதனால்தான் அச்சம் வந்தது. என்னை வாசலுக்குத் தள்ளிவிட்டு, நீராவி வால்வை மூடப் போனான். அவன் அதைத் தொடுவதற்குள் உள்ளே ஈய அடைப்பு உருகியது. பெருமூச்சு ஒன்று கேட்டது. யானை ஒன்று தும்மியதுபோல் அடுப்புக் கதவு வழியே வெண்சாம்பல் முழுவதும் வெளியே வந்தது. தீ அணைந்தது. முற்றத்துக்கு வந்து நின்றபோது எங்கள் இருவரிலும் வெளுக்காத இடம் விழிகள் மட்டுமே.

கட்டுப் பிரிவுப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் மூத்தவரான பேச்சியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன வாத்தியாரய்யா, சந்தனம் பத்தலன்னு திருநீறு அம்புட்டையும் பூசிட்டியளா?”

சிரிக்காதவர்கள் நாங்கள் இருவர் மட்டும். முதலாளி முனீஸ்வரனை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். நான் வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தேன்; தேர்வு, சான்று எல்லாம் நீங்கி, அவனுடைய சான்றிதழ் போய்விடக் கூடாதே என்ற ஒன்றுதான் மனத்தில் நின்றது. பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தவன் என்னைக் கடந்து நேரே கொதிகலன் அறைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தான். ‘மணியோசை கேட்டது. மங்கலம்’ என்ற வரிக்கு வந்ததும் அங்கிருந்த விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான். தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று எண்ணி அருகே போனேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

சிரித்து முடித்துவிட்டு, “இந்த வருசம் எழுதித் தர மாட்டேன் அத்தான்” என்றான். “கோவமெல்லாம் இல்ல. நாளைக்கு வேற ஆலையில நீங்க தனியா நிப்பிய. அங்க பிடிச்சி இழுக்குததுக்கு யாரு இருக்கா?”

இதைக் கேட்ட செல்வராணி தம்பியோடு ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், அவன் கைப்பேசியில் படமெடுத்து வந்திருந்த பதிவேட்டுப் பக்கத்தைக் காட்டினான். அவள் படித்தாள், அடுப்பில் இருந்த பாலை மறந்தாள், அன்றே தம்பியின் கட்சிக்குப் போய்விட்டாள். அடுத்த ஆண்டு அவன் எழுதிக் கொடுத்தான், நான் தேறினேன், இன்று அதே கொதிகலனை இயக்குகிறேன். முனீஸ்வரன் திருப்பூருக்குப் போய்விட்டான். ஆனாலும் எங்கள் வீட்டில் சாம்பார் அளவு முதல் தண்ணீர்த் தொட்டி வரை எதைப் பற்றி நான் உறுதி சொன்னாலும், “எங்க, தொடச்சிட்டுச் சொல்லுங்க” என்கிறாள் செல்வராணி. ஏழு வயது மகளும் அதைக் கற்றுக்கொண்டாள். பரீட்சைத் தாளில் நான் கண்டுபிடிக்கும் பிழைகளுக்குக்கூட அவள் அந்த விதியையே பயன்படுத்துகிறாள்.

விபத்து அறிக்கையைப் பின்னாளில் பார்த்தேன். பொறுப்பில் இருந்தவர் என்ற இடத்தில் முனீஸ்வரனின் பெயர் மட்டும் இருக்கிறது. சட்டப்படி அது சரிதான். என் பெயர் எங்குமே இல்லை. அந்த மூடிய கதவுக்குள் அவன் முதலாளியிடம் என்ன சொன்னான் என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும், “பொரி நமுத்துப் போச்சுன்னு சொன்னேன்” என்கிறான். உண்மையில் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது.