பழவேற்காட்டுக்கு ஏற்ற டயர்

தண்டையார்ப்பேட்டை,
14-3-1952.

மேன்மை பொருந்திய மச்சான் கலீலுல்லா அவர்களுக்கு, டோல்கேட் தாவூது எழுதும் சலாம். நீங்களும் பிள்ளைகளும், உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி அஜீசுன்னிசாவும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். என் சுகத்தைப் பற்றி எழுதினால் கடிதம் கெட்டுப்போகும்.

உங்கள் உம்மா, என் மாமி, மவுத்தான அன்று நாங்கள் அடக்கத்துக்குப் பிந்தி வந்ததற்கும், துக்க வீட்டில் நான் டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததற்கும் நீங்கள் கோபித்தது நியாயம். ஆனால் நடந்ததைக் கேட்க வேண்டும். வாப்பா விட்டுப்போன சைக்கிள் இங்கிலாந்து சரக்கு, என்னைவிட வயதில் மூத்தது. தினம் ஆர்பர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போக தார் ரோடு. அதற்கு மெல்லிசு டயர்தான் பறக்கும். உங்கள் பழவேற்காட்டுக்கு வர எண்ணூர் பக்கமெல்லாம் மணல். அதற்குத் தடித்த டயர்தான் அமுங்காது. சைக்கிள் கடை தவசிமுத்துவிடம் யோசனை கேட்டேன். "ரெண்டுத்துக்கும் ஒரே சைக்கிள்னா முன்னால அது, பின்னால இது போட்டுக்கோ நைனா"ன்னு அவன் கிண்டலுக்குச் சொன்னதை நான் நெசம்னு எடுத்துக்கினேன், மச்சான்.

வெள்ளிக்கிழமை விடியக்காலையில, மாமிக்கு ரொம்ப முடியலன்னு நான் சேதி சொன்னதும் அஜீசுன்னிசா, "ரயில்ல பொன்னேரி போயிடலாங்க"ன்னா. "ரயில் இன்னா ரயிலு, ரெண்டு டயரும் புதுசு"ன்னு கேரியர்ல ஏத்திகினேன். திருவொற்றியூர் வரைக்கும் காத்தா போச்சு. எர்ணாவூர்கிட்ட பின் டயர் மட்காடுல உரசிச்சு, மட்காடைக் கழட்டி அவ கையில குடுத்தேன், அடுத்த பள்ளத்துலயே அவ வெள்ளைத் துப்பட்டி முழுக்கச் சேறு. காத்திவாக்கம் மணல்ல முன் டயர் ஏர் மாதிரி உழுதுச்சு. தோணியில முகத்துவாரம் தாண்டி எறங்கினா, சிப்பி கிழிச்சி அந்த முன் டயரும் போச்சு. அந்த சைக்கிள் எங்களைச் சொமந்தது ஏழு மைலு, நாங்க அதைச் சொமந்தது பாக்கி எல்லாம்.

சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துக்கு வந்து சேந்தா, கையில மண்ணோட நீங்க வாசல்ல நிக்கிறீங்க. உள்ள கட்டில் காலி. இவ கட்டில் காலைப் புடிச்சிகினு தரையில உக்காந்துட்டா. சைக்கிளுக்கு ஸ்டாண்டும் ஒடஞ்சி போச்சு, அதைப் புடிச்சிகினே நின்னேன். ஏம்பா லேட்டுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் டயரைக் காட்டினேன். நான் வர்றேன்னா எறால் வறுத்து மூடி வெப்பாங்களே மாமி, அத நெனச்சா வாய் கோணிகிச்சு. அதுக்குத்தான் மச்சான் டயரைப் பத்திப் பேசினேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் அஜீசுன்னிசாவை அழைத்துப்போக நான் ரயிலிலேயே வருகிறேன். குற்றமெல்லாம் டயர் மேல்தான் என்று அவளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு சலாம், பிள்ளைகளுக்கு துஆ.

இப்படிக்கு,
உங்கள் தயவை நாடும்
தாவூது

பி.கு.: அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க மச்சான். உங்க ஊர் மீன்காரர் மாரியப்பன் சேதி கொண்டாந்தது வியாழக்கிழமை காலையில. அப்போ சைக்கிள் சக்கரமில்லாம கடையில கெடந்துச்சு, சாயங்காலம் குடுத்துடறேன்னான் தவசிமுத்து. எங்க நிக்காஹ்வுக்கு நான் அதுல வந்தப்போ உங்க தெருவே சிரிச்சுது, புது டயரோட வந்து நிக்கணும்னு ஒரு ஆசை. ஒரு நாள்ல இன்னா ஆயிடப்போவுதுன்னு சேதியை அவகிட்ட சொல்லாம வெச்சிருந்தேன். இதை நீங்களே அவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க, எனக்கு தைரியமில்ல. மணல்ல தள்ளிகினு போறப்போ, "சேதி எப்பங்க வந்துச்சு?"ன்னு கேட்டா. "விடியக்காலையிலதான்"னேன். "அப்போ நம்ம மேல தப்பில்ல"ன்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் வந்து அவளும் சைக்கிளைத் தள்ளினா.