பாதிக் கூடும் சிவப்புப் புள்ளியும்

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று இருந்தது. ஆனால் இந்தக் கதைக்கு அது வேண்டாம். கலைக்கூடத்துக்கு ரிப்பன் வெட்டிவிட்டு, வடை சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது.

கலைக்கூடம் காக்கை அண்ணாச்சியுடையது. ஆலமரத்தின் கீழ்க்கிளைகளில் கண்காட்சி, மேல்கிளையில் வீடு. வீட்டில் அவர் மனைவி முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

படைப்புகளைத் தேர்ந்தெடுப்பது குயில் மேடம். பழுப்புச் சேலை, அதில் வெள்ளைப் புள்ளிகள், நிதானமான பேச்சு. கூடுகளைப் பற்றிக் காட்டிலேயே அதிகம் எழுதியவர் அவர்தான். ஒரு கூடுகூடக் கட்டியதில்லை என்பதால் அவர் பார்வையில் சார்பு இருக்காது என்று எல்லோரும் நம்பினார்கள். சொந்த வீடு இல்லாததால், கண்காட்சி முடியும்வரை அண்ணாச்சி வீட்டிலேயே தங்கியிருந்தார்.

நத்தை ஒரு பெரிய இலை முழுக்க வெள்ளிக்கோடு இழுத்துக் கொடுத்திருந்தது. பச்சோந்தி தன் ஓவியத்தின் முன்னாலேயே நின்றது. பாராட்ட வந்தவர்களுக்கு ஓவியரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தது.

பக்கத்து ஈச்சமரத்தில் பொன்னாண்டி என்றொரு தூக்கணாங்குருவி. அந்தக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்குருவி கூட்டைப் பாதிவரை பின்னி நிறுத்திவிடும். பெண்குருவி வந்து உள்ளே உட்கார்ந்து பார்க்கும், நாரை இழுத்துப் பார்க்கும். அவளுக்குப் பிடித்தால்தான் மீதிப் பாதி. அதுவும் புல் பச்சையாக இருக்கும்போதே நடக்க வேண்டும். காய்ந்த கூட்டை எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்க மாட்டாள். போன பருவத்தில் பொன்னாண்டியின் கூடு அப்படித்தான் காய்ந்தது. அதை இன்னும் எறியாமல் வைத்திருந்தான்.

இந்த முறை வடிவு வந்தாள். உள்ளே உட்கார்ந்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தாள்.

"மண்ணு நல்லா ஒட்டிருக்கு. காத்துக்கு நிக்கும்," என்றாள். "வாசலை வச்சு முடிச்சிருங்க. மழைக்கு முன்னால முட்டை வைக்கணும்."

"நாளைக்கே முடிச்சிருதேன்," என்று பொன்னாண்டி புல் கிழிக்கப் பறந்தான். திரும்பி வந்தபோது கூட்டின் முன்னால் குயில் மேடம் தலையைச் சாய்த்தபடி நின்றிருந்தார்.

"இதை முடிக்கப்போறீங்களா?"

"ஆமா மேடம். கீழ குழாய் மாதிரி வாசல் வரணும்."

"ஏன்?"

அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "முட்டை உருண்டு விழுந்துரும்லா."

"முடிச்சா அது வீடு. வீடு காடு பூரா தொங்குது. இப்படியே விட்டா இது ஒரு கேள்வி."

தான் ஒரு கேள்வியைக் கட்டியிருக்கிறோம் என்று பொன்னாண்டிக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

மறுநாள் கூடு கலைக்கூடத்தில் தொங்கியது. கீழே ஓர் அட்டை: 'வாசலுக்கு முன். புல், ஈச்ச நார், களிமண் எல்லாம் கலந்த மிக்சட் மீடியா.' அதற்குக் கீழே இன்னோர் அட்டை: 'தொடாதீர்கள்.' யானை முதலாளி வந்து பார்த்தார். "நம்ம சோபாவும் இதே பச்சைதான்," என்றார். அண்ணாச்சி உடனே ஒரு சிவப்புப் புள்ளியை எடுத்து அட்டையில் ஒட்டினார்.

சாயங்காலம் வடிவு தேடிக்கொண்டு வந்தாள்.

"வாசல் எங்கே?"

"கொஞ்சம் பொறு வடிவு. இது இப்ப கேள்வியா தொங்குது."

"முட்டையக் கேள்வியிலயா வைக்க?"

"கண்காட்சி முடியட்டும்."

"மழை முடியாதா? இது என்ன பொட்டு?"

"வித்தாச்சுன்னு அர்த்தம்."

"யாரு குடியிருக்கப் போறா?"

"யாரும் குடியிருக்க மாட்டாங்க. யானை பாக்கும்."

வடிவு கூட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பறந்துவிட்டாள். நாலு மரம் தள்ளிச் செல்லையா என்ற இன்னொரு தூக்கணாங்குருவி, யாரும் கேட்காமலே வாசல்வரை முடித்த கூட்டோடு இருந்தான். அவனும் கண்காட்சிக்கு விண்ணப்பித்தவன்தான். 'பயன்பாடு அதிகம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"வாசல் கோணலா இருக்கே," என்றாள் வடிவு.

"முட்டைக்குத் தெரியாதுல்லா," என்றான் செல்லையா.

அவள் உள்ளே போனாள்.

கண்காட்சி நன்றாக நடந்தது. கூடு மெல்லப் பச்சை குறைந்து, மஞ்சளித்து, பழுப்பேறியது. கடைசி நாளில் யானை முதலாளி எடுத்துப்போக வந்தார்.

"நான் வாங்கினது பச்சைல்லா?"

"காலம் இதுல வேலை செஞ்சிருக்கு," என்றார் குயில் மேடம்.

"சோபாவுல அது வேலை செய்யலையே," என்று சொல்லிவிட்டு யானை புள்ளியைத் துதிக்கையால் உரித்துப் போட்டுவிட்டுப் போனார்.

மழை பிடித்துக்கொண்டது. பழுப்பேறிய கூட்டைக் கவ்விக்கொண்டு, இன்று மேடத்திடம் இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று பொன்னாண்டி மேல்கிளைக்கு ஏறினான். அங்கே முட்டைகள் பொரித்திருந்தன. மெலிந்த காக்கைக்குஞ்சுகள் ஓரத்தில் ஒடுங்கியிருக்க, நடுவில் ஒன்று கொழுகொழுவென்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதன் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள்.

"வா தம்பி," என்றாள் அண்ணாச்சியின் மனைவி. "கூடு, குஞ்செல்லாம் தெரிஞ்சவன் நீ. இது மட்டும் ஏன் இப்பிடிப் புள்ளி புள்ளியா இருக்கு? எங்க ரெண்டு பேர் வழியிலயும் இப்பிடிக் கிடையாதே."

பொன்னாண்டி குஞ்சைப் பார்த்தான். அடுத்த கிளையில் உட்கார்ந்திருந்த குயில் மேடத்தின் சேலையைப் பார்த்தான். வாயிலிருந்த கூட்டைக் கீழே வைத்தான்.

மேடம் பதறவில்லை. தலையைச் சாய்த்தார். "பொன்னாண்டி, அடுத்த பருவத்துல உங்களுக்குத் தனிக் கண்காட்சி வைக்கலாம்னு இருக்கேன். காய்ந்த கூடுகள் மட்டும்."

மழை இலைகளில் கொட்டிக்கொண்டிருந்தது. செல்லையாவின் மரத்திலிருந்து வடிவின் குரல் கேட்டது.

"போன வருசத்தது ஒண்ணு வீட்டுல கிடக்கு மேடம்," என்றான் பொன்னாண்டி. பிறகு அண்ணாச்சியின் மனைவியிடம் திரும்பினான். "பயப்படாதீங்க அக்கா. இது மிக்சட் மீடியா."

"நான் அப்பவே சொன்னேம்லா, நம்ம வீட்டுலயும் கலை உண்டுன்னு," என்ற காக்கை அண்ணாச்சி, அன்றைக்குக் கிடைத்ததிலேயே பெரிய புழுவை அந்தக் குஞ்சின் வாயில் வைத்தார்.

நீதி: கூட்டை முடிப்பவனுக்குக் குடும்பம் கிடைக்கும், முடிக்காதவனுக்குப் பெயர் கிடைக்கும், பெரிய புழு மட்டும், கூடே கட்டாமல் அதைப் பற்றிப் பேசத் தெரிந்தவரின் பிள்ளைக்கு.