பிரான்சியின் ஆல்பமும் உதவிப் பொறியாளரின் அறிக்கையும்

பாலக்கரை பிரான்சி தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடிய முதல் ராக் ஆல்பம் போன தை மாதம் இணையத்தில் வெளியானது. மொத்தம் ஒன்பது பாட்டு. எங்கள் ராக் விமர்சகர் பேரவை அன்று மாலையே அவசரமாகக் கூடி, 'இது ஓர் எரிமலை' என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை எழுதியவன் அடியேன்தான்.

மறுநாளிலிருந்து மதிப்புரை மழை. ஸ்ரீரங்கம் ஹரிஹரசுதன் 'நாதப் பிரவாகம்' என்றார். தலைவர் ரத்தினவேல், 'காவிரியின் இரு கரையிலும் இப்படியொரு கிடார் ஒலித்ததில்லை' என்றார். பேரவையில் ஆளுக்கொன்றாக மொத்தம் பதினேழு மதிப்புரை. சந்தோஷப்பட வேண்டிய பெண் என்ன செய்தாள்? நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நாலாவது பாட்டு எப்படி சார் இருந்துச்சு?"

"பிரமாதம்மா! அந்த டிரம்ஸ் இருக்கே, அப்பப்பா!"

"அதுல டிரம்ஸே இல்லைங்க சார். வெறும் குரல்தான்."

"இல்லாததையும் கேட்க வைக்கிறதுதாம்மா கலை," என்றேன். சமாளித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு வருஷ உழைப்பு சார். ஒருத்தராவது முழுசாக் கேட்டாப் போதும். திட்டினாக்கூடப் பரவாயில்லை."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பேராசை!

அடுத்த திங்கட்கிழமை, பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில் மனு நாள். வரிசையில் போய் நின்றாள். 'மேற்படி ஆல்பத்தை எவரேனும் ஒருவர் முழுமையாகக் கேட்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று மனு. உடன் ஒரு பென் டிரைவ். எழுத்தர் மலர்க்கொடி தயங்கினாராம்.

"மனுன்னா ஏதாவது குறை இருக்கணுமேம்மா?"

"யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. அதாங்க குறை."

"இங்க வர்ற எல்லாருக்கும் அதே குறைதாம்மா," என்று சீல் குத்திவிட்டார்.

எந்தப் பிரிவுக்கு அனுப்புவது? பட்டியலில் ராக் இல்லை. ஆல்பத்தின் பெயர் 'மூடியில்லாத சாக்கடை'. ஆகவே மனு வடிகால் பிரிவு உதவிப் பொறியாளர் செல்லக்கண்ணுவின் மேசைக்குப் போனது. முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். மனிதர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாட்டு வாரியாக அறிக்கை வந்தது.

'பாட்டு 2: குறிப்பிடப்பட்ட சாக்கடைப் பள்ளம் நேரில் பார்வையிடப்பட்டது. புகார் உண்மை. மூடி போடப்பட்டது. பாட்டு 4: மனுதாரரின் காலமான தந்தையின் சைக்கிள் இன்னும் சுவரில் சாய்ந்து நிற்பதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது. இது இப்பிரிவின் அதிகார வரம்புக்குள் வராது. எனினும் மூன்று முறை கேட்கப்பட்டது. பாட்டு 7: இரண்டாம் சரணத்தில் சுருதி இறங்குகிறது. சரிசெய்ய வேண்டும்.'

பிரான்சி அதை ஃபிரேம் போட்டு மாட்டினாள். அடுத்த ஆல்பத்தை முதலில் அவருக்குத்தான் அனுப்பப் போவதாக அறிவித்தும் விட்டாள்.

பேரவை கொதித்தது. "வடிகால் இன்ஜினியரெல்லாம் சுருதி பேசுறதா?" என்று தலைவர் மேசையைக் குத்தினார். ஆனால் மறுப்பு எழுத வேண்டுமென்றால் அந்தப் பாட்டுகளில் என்னதான் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? பதினேழு பேரும் அதே அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோம்: ஒன்பது பாட்டின் சுருக்கமும் தேவை.

போன வாரம் பதில் வந்தது. 'கோரப்படும் தகவல் பாட்டிலேயே உள்ளது. கேட்க முப்பத்தாறு நிமிடம் ஆகும்.'

என்ன திமிர் பாருங்கள்! நேரமே இல்லாத மனிதர்களிடம் சொல்கிற பதிலா இது? ஆறு நாள் ஒன்றாக உட்கார்ந்து, நாற்பது பக்கத்தில் மேல்முறையீடு தயாரித்துவிட்டோம். பொதுமக்கள் ஆதரவும் வேண்டியிருப்பதால் நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள். படித்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.